நாவலர் பெருமானும் எங்கட பிள்ளையளும்



நான் எங்கட தமிழ்ப் பாடசாலையில் சமய பாடம் படிப்பிக்கிற ஆள். போன வருசம் ஒரு சனிக்கிழமை, ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து இருந்தது. என்னம்மா என்று கேட்டேன். சுவிஸ் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன்ரை சமயத்தைப் பற்றி ஐந்து நிமிடம் டொச்சில் பேச வேண்டுமாம். இந்தப் பிள்ளை பிள்ளையார் படத்தையும் திருநீற்றையும் கொண்டு போயிருக்கிறது. ஏன் நெற்றியில் சாம்பல் பூசுகிறீர்கள், கடவுளுக்கு ஏன் யானை முகம் என்று கூடப் படிக்கிற பிள்ளையள் கேட்டிருக்கினம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கினம். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லத் தெரியேல்லை. வீட்டில் வந்து தாயிடம் கேட்டிருக்கிறது. அது அப்பிடித்தான், நீ பேசாமல் கும்பிடு என்று தாய் சொல்லிவிட்டாவாம்.

இந்தப் பிள்ளை எங்கட விழாவில் தேவாரம் பாடிப் பரிசு எடுத்த பிள்ளை. தேவாரத்தைப் பாடமாக்கக் கொடுத்தது நான்தான். பொருள் சொல்லிக் கொடுக்காததும் நான்தான். அன்று இரவு எனக்கு நித்திரை வரேல்லை. அப்போதுதான் நல்லூர் ஆறுமுக நாவலரின் நினைவு வந்தது. சின்ன வயதில் அவரைப் பற்றிப் பரீட்சைக்காகப் படித்தோம். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, எழுதிய நூல்கள் என்று ஒப்புவித்தோம், மறந்தோம். இப்போது இந்தக் குளிர் தேசத்தில் இருந்துகொண்டு திரும்ப வாசிக்கும்போது, அவர் எங்கட பிரச்சினையைத்தான் தன் காலத்தில் கண்டிருக்கிறார் என்று தெரிகிறது. ஆகவே அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் சுருக்கமாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம் நல்லூரில் 1822 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18 ஆம் திகதி ஆறுமுகம் பிறந்தார். தகப்பனார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி. தகப்பனார் தமிழ் படித்தவர், நாடகங்கள் எழுதியவர். பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கையில் அவர் காலமானார். அவர் எழுதி முடிக்காமல் விட்ட நாடகத்தை அந்தச் சின்னப் பிள்ளை எழுதி முடித்தது என்று சொல்லுவார்கள். ஊர்த் திண்ணையில் சுப்பிரமணியபிள்ளை என்பவரிடம் எழுத்துத் தொடங்கி, பின்பு சரவணமுத்துப் புலவரிடமும் இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் இலக்கிய இலக்கணம் கற்றார். அந்தக் காலப் படிப்பு மனப்பாடப் படிப்பு. ஏட்டைப் பார்த்துப் பாடமாக்க வேண்டும், ஆசிரியர் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும். அச்சுப் புத்தகம் என்பது ஊரில் அருமை.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேறொரு படிப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. 1814 இல் வெஸ்லியன் மிசனும் 1816 இல் அமெரிக்க மிசனும் வந்து சேர்ந்தன. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. 1824 இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை வந்தது. இந்த மிசன்மார் எங்களுக்குச் செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் வைத்தியமும் அவர்கள் கையால் வந்தவை. எங்கட சங்கத்தில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. படிப்போடு வேதமும் படிக்க வேண்டும். உத்தியோகம் வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலம் வேண்டுமென்றால் மிசன் பள்ளிக்கூடம் போக வேண்டும். சைவப் பிள்ளைகளுக்கு அவர்கள் சமயத்தை முறையாகப் படிப்பிக்கிற இப்படிப்பட்ட பள்ளிக்கூடம் ஒன்றும் இல்லை.

ஆறுமுகமும் ஆங்கிலம் படிக்க யாழ்ப்பாண வெஸ்லியன் மிசன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனார். இன்று நாங்கள் யாழ். மத்திய கல்லூரி என்று சொல்லுகிற பள்ளிக்கூடம் அதுதான். அதிபராக இருந்தவர் பேர்சிவல் பாதிரியார். பிள்ளையின் கெட்டித்தனத்தைக் கண்டு, இருபது வயதளவிலேயே அவரை அங்கு ஆசிரியராக்கினார். பேர்சிவல் தலைமையில் விவிலியத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் வேலை நடந்தபோது, அதற்கு உதவியவர் ஆறுமுகம். திருநீறு பூசிய சைவப் பெடியன் ஒருவன் பகல் முழுவதும் விவிலியத்துக்கு நல்ல தமிழ் தேடிக்கொண்டிருந்தான் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் சென்னையில் வெளிவந்தது. பேர்சிவலுக்கும் அவருக்கும் இருந்த அன்பும் மரியாதையும் பெரிது.

அந்த வேலையில் அவர் இரண்டு விடயங்களைக் கற்றுக்கொண்டார். ஒன்று, மற்றவர்களின் சமயத்தை அடிமுதல் தெரிந்துகொண்டார். மற்றது, அவர்கள் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதைக் கண்டார். குறித்த நாளில் பிரசங்கம் செய்கிறார்கள். வயதுக்கு ஏற்ற சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். கேள்வியும் விடையுமாகச் சமயத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆசிரியர்களைப் பழக்குகிறார்கள். சைவரிடம் ஆயிரம் வருசத்து நூல்கள் இருந்தன, ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளை கையில் எடுத்து வாசிக்க ஒரு புத்தகம் இருக்கேல்லை. கோயில் இருந்தது, கோயிலில் நடப்பது என்ன என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்த ஆள் இருக்கேல்லை. பிள்ளைகள் சமயம் மாறுகிறார்கள் என்று பெரியவர்கள் மிசன்மாரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, குறை எங்களிடமும் இருக்கிறது என்று கண்டவர் இவர்.

1847 ஆம் ஆண்டு மார்கழி 31 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் தன் முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். வயது இருபத்தைந்து. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அவரோடு சேர்ந்துகொண்டார். கடவுள் ஒருவர் என்பது, சிவ வழிபாடு, தீட்சை, தானம், கொல்லாமை, குடியின் கேடு என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு பொருள். புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லுவது ஊருக்குப் பழசு. ஒரு பொருளை எடுத்து, காரணம் காட்டி, சாதாரண சனத்துக்கு விளங்குகிற வசனத்தில் பேசுவது அன்று புதுசு. மிசனில் பார்த்த முறையைத் தன் கோயிலுக்குக் கொண்டு வந்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல முறையை எங்கிருந்தும் எடுக்கலாம்.

இந்த இடத்தில் எங்கட சுவிஸ் பிள்ளையளுக்கு ஒரு செய்தி. அதே 1847 இல் கார்த்திகை மாதத்தில்தான் இந்த நாட்டில் கத்தோலிக்க மாநிலங்களுக்கும் மற்ற மாநிலங்களுக்கும் இடையே சொண்டர்புண்ட் யுத்தம் நடந்தது. அந்தப் பகை முற்றியதற்கு ஒரு காரணம், லூட்சேர்ன் மாநிலம் 1844 இல் யேசு சபைக் குருமாரை உயர்கல்விக்குப் பொறுப்பாக அழைத்தது. யுத்தம் முடிந்து 1848 இல் இன்றைய சுவிஸ் கூட்டாட்சி பிறந்தது. பிள்ளைகளுக்குச் சமயத்தை யார் படிப்பிப்பது என்ற கேள்வி அந்த நேரம் இரண்டு நாட்டிலும் எரிந்துகொண்டிருந்தது. இங்கே அதற்காகத் துவக்கு வெடித்தது. அங்கே ஒரு இளைஞன் பள்ளிக்கூடம் கட்டினான்.

1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. தொடங்கிய கையோடு ஆறுமுகம் மிசன் உத்தியோகத்தை விட்டார். மாதச் சம்பளம், மரியாதையான வேலை, வெள்ளைக்காரரின் ஆதரவு எல்லாவற்றையும் விட்டார். சொந்தக்காரருக்கு அது விசராகத் தெரிந்திருக்கும். பேர்சிவல் அவரை நிற்பாட்டப் பார்த்தார், அவர் நிற்கவில்லை. கலியாணமும் செய்யவில்லை. கடைசி வரையில் தனியாளாகவே வாழ்ந்தார். பள்ளிக்கூடம் பல வருசம் அரசாங்க உதவிப் பணம் இல்லாமல், சனத்தின் நன்கொடையிலும் புத்தகம் விற்ற காசிலும் நடந்தது. அங்கே சமயம் மட்டும் படிப்பிக்கவில்லை. இலக்கணம், கணக்கு, பூமிசாத்திரம் எல்லாம் படிப்பித்தார்கள். படிப்பு வேண்டுமென்றால் சமயத்தை விடு, சமயம் வேண்டுமென்றால் படிப்பை விடு என்ற நிலையை அவர் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் அடுத்த தட்டுப்பாடு புத்தகம். 1849 இல் மாணவர் சதாசிவம்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். போகிற வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டு மகிழ்ந்த ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கொடுத்தார்கள். அன்று முதல் அவர் ஆறுமுக நாவலர். சென்னையில் சூடாமணி நிகண்டு முதலிய நூல்களைப் பதிப்பித்து, யந்திரத்தோடு ஊர் திரும்பினார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற அச்சுக்கூடம் உண்டானது.

அங்கிருந்து வந்த முதல் நூல்களில் பாலபாடம் முக்கியமானது. முதலாம் பாலபாடம் சின்னப் பிள்ளைக்கு. சின்னச் சின்ன வசனங்கள். அடுத்த புத்தகங்களில் பாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகும். கடவுள், ஆன்மா என்று தொடங்கி, பொய், களவு, கோபம், பொறாமை, சூது என்று ஒவ்வொன்றையும் எடுத்து விளக்கும். சைவ வினாவிடை கேள்வியும் பதிலுமாக அமைந்தது. பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக எழுதி வெளியிட்டார். புலவர்கள் மட்டும் வாசித்த கதையை வீட்டில் இருக்கிற கிழவியும் வாசிக்கக் கேட்டு விளங்கக்கூடியதாகச் செய்தார். சொற்களைப் பிரித்து, நிறுத்தக் குறிகள் போட்டு, பிழையில்லாமல் அச்சிட்டார். தமிழ் வசன நடைக்கு அவர் பெரிய வழிகாட்டி என்று தமிழறிஞர்கள் சமய பேதமின்றி ஒப்புக்கொள்கிறார்கள். நன்னூலுக்கு உரை, திருக்குறள் பரிமேலழகர் உரைப் பதிப்பு, இலக்கணச் சுருக்கம் என்று அவருடைய நூல்கள் நீளும். 1854 இல் சைவதூஷண பரிகாரம் என்ற கண்டன நூலை வெளியிட்டார். மிசன்மாரின் குற்றச்சாட்டுகளுக்கு விவிலியத்திலிருந்தே இடம் காட்டி மறுமொழி எழுதினார். அந்த நூலில் கடுமை உண்டு. ஆனால் படித்து அறிந்துதான் எழுதினார், கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை.

அவர் கண்டித்தது மற்றவர்களை மட்டும் அல்ல. கோயில்களில் நடந்த மிருகபலியையும், ஆகமத்துக்கு மாறான நடைமுறைகளையும், படியாத குருமாரையும், கணக்குக் காட்டாத கோயில் அதிகாரிகளையும் அவர் விடவில்லை. அதனால் சைவருக்குள்ளேயே அவருக்குப் பகைவர் அதிகம்.

1864 இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். அது இன்றும் அவருடைய பெயரில் நடக்கிறது. 1870 இல் ஊருக்குத் திரும்பி நிரந்தரமாக இருந்துவிட்டார். 1869 இல் அரசாங்கம் கல்வித் திணைக்களத்தை உண்டாக்கி, பள்ளிக்கூடங்களுக்கு உதவிப் பணம் கொடுக்கும் முறையை விரித்திருந்தது. 1872 இல் சைவப் பிள்ளைகள் ஆங்கிலமும் தங்கள் சமயமும் சேர்த்துப் படிக்க வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பணம் போதாமல் சில வருசங்களிலேயே அதை மூட வேண்டி வந்தது. அவருடைய வாழ்க்கையில் பெரிய தோல்வி அதுதான். பிறகு பஞ்சம் வந்தது. 1877 ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தில் சனம் பசியாலும் நோயாலும் வாடியபோது, வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1879 இல் சட்டசபைக்கு இளைஞரான பொன்னம்பலம் இராமநாதனை அனுப்ப வேண்டும் என்று பாடுபட்டார். இராமநாதன் தெரிவானார். அதே ஆண்டு மார்கழி 5 ஆம் திகதி, ஐம்பத்தேழு வயது நிறையப் பதின்மூன்று நாள் இருக்கையில், நாவலர் காலமானார்.

அவர் தொடக்கியது அவரோடு போகவில்லை. 1888 இல் சைவ பரிபாலன சபை உண்டானது. 1890 இல் அந்தச் சபையின் கீழ் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. மூடிப் போன சைவாங்கில வித்தியாசாலையின் கனவு அங்கே நனவானது. நாவலர் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கவில்லை. அந்தக் குறையை 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கி இராமநாதன் தீர்த்தார். 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகி, இந்துபோட் இராசரத்தினம் அவர்களின் முயற்சியால் கிராமம் கிராமமாகச் சைவப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலையும் வந்தது. 1960, 61 இல் அரசாங்கம் பெரும்பாலான மிசன், சைவப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. அதன் பின்னும் சமயம் பாடமாக நின்றது. இன்றும் இலங்கையில் சைவப் பிள்ளை சைவநெறி படிக்கிறது, கிறிஸ்தவப் பிள்ளை கிறிஸ்தவம் படிக்கிறது. 1971 இல் இலங்கை அரசாங்கம் நாவலருக்கு முத்திரை வெளியிட்டது.

பெரியவர் என்பதற்காக ஒன்றை மறைக்கக்கூடாது. நாவலர் சாதி ஒழுங்கை எதிர்த்தவர் அல்ல. அதை ஏற்றுக்கொண்டே எழுதினார். அவருடைய பள்ளிக்கூடம் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. பின்னாளில் 1930 அளவில் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் கொடுப்பதற்கே யாழ்ப்பாணத்தில் பெரிய சண்டை நடந்தது. கோயில் கதவுகள் திறக்க இன்னும் காலம் எடுத்தது. அந்த வலியோடு இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்களும் எங்களுக்குள் இருக்கினம். நாவலரின் அந்தப் பக்கத்தை நாங்கள் இங்கே காவிக்கொண்டு வரத் தேவையில்லை. எங்கட சனிக்கிழமைப் பாடசாலையில் ஒரே வாங்கில் எல்லாப் பிள்ளையளும் இருக்கினம். அது அப்படியே இருக்க வேண்டும்.

நாங்கள் எடுக்க வேண்டியது அவருடைய மற்றப் பக்கத்தை. 1983 க்குப் பிறகு நாங்கள் இங்கே வந்தபோது கையில் ஒன்றும் இருக்கேல்லை. அகதி முகாமில் சுவரில் முருகன் படம் ஒட்டிக் கும்பிட்டோம். பிறகு கோயில் வந்தது, தேர் வந்தது, காவடி வந்தது. தமிழ்ப் பாடசாலையும் வந்தது. இதெல்லாம் பெரிய சாதனைதான். ஆனால் பிள்ளை கேட்கிற ஏன் என்ற கேள்விக்குப் பதில் வந்ததா?

இந்த நாட்டில் எங்கட பிள்ளையை ஒருவரும் சமயம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. 1874 ஆம் ஆண்டு அரசியலமைப்பே, எந்தச் சமயத்துப் பிள்ளையும் தன் நம்பிக்கைக்குப் பாதகமில்லாமல் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்று விதித்துவிட்டது. சூரிச் மாநிலத்தில் இப்போது எல்லாச் சமயங்களையும் பற்றி எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பாடம் இருக்கிறது. பேர்ணில் 2014 இல் திறந்த சமயங்களின் இல்லத்தில், எங்கட கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த நிலையமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. சுவிஸ் ரீச்சர்மார் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கினம். கேட்க அவர்கள் ஆயத்தமாக இருக்கினம். சொல்ல நாங்கள் ஆயத்தமா என்பதுதான் கேள்வி.

நாவலர் இன்று இருந்தால் என்ன செய்வார் என்று நான் யோசிப்பதுண்டு. சுவிஸ் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டு இருக்கமாட்டார். முதலில் டொச் படிப்பார், அந்தப் பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிப்பிக்கினம் என்று போய்ப் பார்ப்பார். பிறகு பிள்ளைக்கு விளங்குகிற மொழியில் சின்னப் புத்தகம் எழுதுவார். எங்களைப் போல படிப்பிக்க வந்தவர்களை முதலில் இருத்திப் படிப்பிப்பார். சுவிஸ் ரீச்சரைச் சந்தித்துப் பேசுவார். தன் சமயத்தைத் தெரிந்த பிள்ளை மற்றச் சமயத்துக்குப் பயப்படாது, அதை இழிவாகப் பேசவும் செய்யாது.

நானும் என் வகுப்பை மாற்றியிருக்கிறேன். இப்போது ஒரு தேவாரம் பாடமாக்கினால், அதன் பொருளைத் தமிழிலும், பிறகு பிள்ளையள் தாங்களே டொச்சிலும் சொல்ல வேண்டும். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் கேள்வி கேட்கிற நேரம். எனக்குத் தெரியாத கேள்விகள் நிறைய வருகின்றன. அடுத்த கிழமைக்குள் படித்துக்கொண்டு போகிறேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பிள்ளை மார்கழியில் திரும்பத் தன் வகுப்பில் பேசியது. இந்த முறை திருநீறு பற்றி. எல்லாம் ஒரு நாள் சாம்பலாகும், ஆனபடியால் பெருமை கொள்ளாதே என்று நினைவூட்டத்தான் பூசுகிறோம் என்று சொன்னதாம். ரீச்சர் தன் கையிலும் கொஞ்சம் வாங்கிப் பார்த்தாவாம்.

பெற்றோரே, புத்தாண்டு அன்று பிள்ளைக்குக் கைவிசேடம் கொடுப்பீர்கள். அதோடு ஒரு கேள்விக்குப் பதிலும் கொடுங்கள். சைவக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ, பிள்ளை ஏன் என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். நாவலருக்கு நாங்கள் செய்யக்கூடிய குருபூசை அதுதான்.